கம்பத்துக்காரிக்குக் கடைசிக் குழாய்

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் புஸ்ஸென்று காற்று விடும். கூடவே துரு வாசனை. விடிகாலையில் எங்களுக்கு அதுதான் அலாரம்... ஆவடி குவார்ட்டர்ஸில், தொண்ணூறுகளின் ஒரு கோடையில்.

வரிசையில் முதல் வீடு என்னுடையது. கடைசி வீடு செல்வராணியுடையது. எங்கள் இருவர் புருஷன்மாருக்கும் ஒரே தொழிற்சாலை. நாங்கள் ஒரே ஊர்க்காரிகள் என்று எல்லாரும் நினைத்தார்கள். கிடையாது. அவள் கம்பம், நான் ஆண்டிபட்டி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலையைக் குடைந்து வருகிற பெரியாற்றுத் தண்ணீர் முதலில் அவர்கள் பள்ளத்தாக்கில்தான் இறங்கும். இரண்டு போகம் நெல், திராட்சைப் பந்தல், தென்னை. நாங்கள் கிழக்கே. மழை மலையோடு நின்றுவிடும். சோளமும் பருத்தியும்தான். வைகை அணை எங்கள் பக்கத்தில் இருக்கிறது... தண்ணீர் மதுரைக்குப் போகும், நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்போம்.

அந்தக் கோடைக்கு முந்தின வருஷம் என் தம்பிக்கு அவள் தங்கச்சியைக் கேட்டேன். வாசலில் நிற்க வைத்தே சொன்னாள்.

"பையன் தங்கந்தான்க்கா. ஆனா தண்ணியில்லாக் காட்டுக்குப் பொண்ணக் குடுத்தா எங்காத்தா என்னையக் கொன்னுபோடும்."

காபிகூடத் தரவில்லை. அதையும் மறக்கவில்லை.

அப்புறம்தான் அந்தக் கோடை. தண்ணீர் மேலே ஏறாது. குழாயடியில் பள்ளம் தோண்டி, குடத்தை உள்ளே இறக்கிப் பிடித்தோம். என் குழிதான் ஆழம். கடைசி வீட்டுக்குக் காற்றுதான் போகும்.

ஒருநாள் செல்வராணி குடத்தோடு வந்து நின்றாள். அவள் வீட்டில் வந்து தங்கியிருந்த அந்தத் தங்கச்சியைப் பெண் பார்க்க அன்று ஆட்கள் வருகிறார்கள். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"யக்கா... ரெண்டு குடம் குடுக்கா."

"தண்ணியில்லாக் காட்டுக்காரிகிட்டயா கேக்குற? ஒங்க ஆறு என்னாச்சுடி?"

நடு வீட்டு கஸ்தூரி அம்பத்தூர்க்காரி. சிரித்துவிட்டாள்.

"இன்னாக்கா, ஒரே ஜில்லாக்காரங்க இப்டி அடிச்சிக்கினு கீறீங்க? அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சி, பாவம்? குட்த்து அனுப்பு."

செல்வராணி தலை குனிந்து நின்றாள். என் பாத்திரமெல்லாம் நிரம்பும்வரை நிற்க வைத்தேன். பிறகு குழியிலிருந்து என் குடத்தை எடுத்துவிட்டு, "வை" என்றேன்.

நிச்சயம் ஆனது. பத்திரிகை வைத்தாள். போனேன், சாப்பிட்டேன். என் தம்பிக்கும் நல்ல இடம் அமைந்தது.

பிற்பாடு மதுரையிலிருந்து பிரித்துத் தேனியைத் தனி மாவட்டமாக்கினார்கள். செல்வராணி சர்க்கரையோடு ஓடிவந்தாள்.

"இனி நமக்குன்னு தனி மாவட்டம்க்கா!"

"சரிடி. இனிமேலாவது ஆத்துத் தண்ணி எங்க பக்கம் வருமான்னு கேட்டுச் சொல்லு."

இப்போது முகப்பேரில் மகனோடு ஃபிளாட்டில் இருக்கிறேன். திருகினால் தண்ணீர். குடிக்க கேன். எதிர் வீட்டுக்காரி எந்த ஊர் என்று இன்றுவரை தெரியாது... ஒரு சண்டைகூட வந்ததில்லை.

செல்வராணி மட்டும் போன் செய்வாள். கம்பத்தில் அவர்கள் வயலில் பாதி வீட்டுமனை ஆகிவிட்டதாம். இப்போது என் தம்பி மகளைத் தன் மகனுக்குக் கேட்கிறாள். பையன் பெங்களூரில் வேலை. ஊரில் ஆறு ஓடுகிறதா, கிணறு ஊறுகிறதா என்று இந்தக் காலத்தில் யார் கேட்கிறார்கள்?

பெண்ணுக்கும் சம்மதம்தான். தம்பி என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.