இருநூற்று அறுபது நிமிடம்

வாஷிங் மெஷின் கம்பெனியில் அவளுக்கு அசெம்பிளி அக்கா என்று பெயர். மற்றவர்கள் வசதியான மொழிகளில் நிரல் எழுத, அவள் மட்டும் சிப்போடு நேருக்கு நேர் பேசும் அசெம்பிளியில் எழுதுவாள். இந்த எண்ணை எடு, ஒன்றைக் கூட்டு, அங்கே வை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். சொன்னதைச் சிப் அப்படியே செய்யும். “எங்க வீட்டுக்காரர் மாதிரி இல்ல,” என்பாள்.

புது மாடலுக்கு மேனேஜர் மலிவான சிப் ஒன்றை வாங்கிவிட்டார். நினைவகம் கைக்குட்டை அளவு. ஐந்து பேர் சேர்ந்து எழுதிய நிரல் அதில் நுழையவே இல்லை. அக்கா மூன்று வாரத்தில் அடக்கிக் காட்டினாள். மிச்ச இடத்தில், துவைத்து முடித்ததும் மெஷின் விசிலடிக்கவும் வழி செய்தாள்.

டீலர்கள் வந்த அன்று மேனேஜர் மைக்கறை பட்ட தன் கோட்டையே மெஷினில் போட்டார். ஊற நூற்றைம்பது நிமிடம், துவைக்க நூற்றுப்பத்து. “சாப்பிட்டு வந்து பார்க்கலாம்,” என்றார். அவர்கள் வாசலைத் தாண்டவில்லை, விசில் கேட்டது. நான்கே நிமிடம்! மூடியைத் திறந்தால் நுரையில் கோட்டு மிதக்கிறது, கறையோடு.

“இது... ஸ்பீடு வாஷ்,” என்று சமாளித்தார் மேனேஜர். இரண்டு டீலர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

அக்காவுக்கு உடனே புரிந்தது. மொத்த நேரத்தைக் குறித்துவைக்க ஒரே ஒரு பைட் நினைவகம் ஒதுக்கியிருந்தாள். அதில் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் கொள்ளும். தாண்டினால் மறுபடி பூஜ்யம். இருநூற்று அறுபது, நான்காகிவிட்டது. தப்பு என்று அசெம்பிளி மூச்சுக்கூட விடவில்லை.

“வேற யாராவது சரி பண்ணுங்கப்பா,” என்றார் மேனேஜர்.

ஐவரும் திரையை உற்றுப் பார்த்தார்கள். “தலையும் புரியல, வாலும் புரியல சார்.”

அக்காவே உட்கார்ந்தாள். நடுவில் அவள் கைப்பட ஒரு குறிப்பு: ‘இதைத் தொடாதே.’ ஏனென்று அவளுக்கே மறந்துவிட்டது. தொட்டாள். டிரம் பின்பக்கமாகச் சுற்றியது. சரிசெய்ய இரண்டு நாள் பிடித்தது.

மூன்றாம் நாள் மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார். “இதைவிட மலிவா வேற சிப் கிடைக்குது மேடம்.”

“ஒவ்வொரு சிப்புக்கும் அசெம்பிளி வேற சார். அதுல நான் எழுதினது ஒரு வரிகூட ஓடாது. முதல்லேருந்து எழுதணும்.”

“ஐயையோ!”

“கொஞ்சம் பெரிய சிப்பா வாங்குங்க. இவங்க அஞ்சு பேருமே வசதியான சி மொழியில எழுதட்டும். மோட்டாரைத் திருப்புற நாப்பது வரி மட்டும் என்கிட்ட விடுங்க. அங்க கண் சிமிட்டுற நேரம்கூட வீணாகக் கூடாது.”

அப்படியே நடந்தது. ஐவருக்கும் படிக்கத் தெரிந்த நிரல் என்பதால் அக்கா முதன்முறையாகப் பத்து நாள் லீவு போட்டாள். ஆபீஸிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. ஆறாம் நாள், அதுவே அவளுக்கு லேசாக உறுத்தியது.