சாக்கு மூட்டைக்குள் மூன்று குதிரைத்திறன்

மின் இணைப்பு பெற்றவர் தமக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்ட விரும்பினால், எழுத்து மூலமான முன் அனுமதி பெற வேண்டும். பெறாமல் கூட்டினால் இணைப்பு துண்டிக்கப்படும். விதி அவ்வளவு தெளிவாக இருந்தது. அனுமதி எத்தனை நாளில் தரப்பட வேண்டும் என்பதில் மட்டும் அதற்குத் தெளிவில்லை. பிற்காலத்தில் அரசுப் பணியில் இருந்து இதுபோன்ற விதிகளைக் காத்துத்தான் நான் ஓய்வூதியம் வாங்குகிறேன்; ஆகவே குறை சொல்லவில்லை.

ராஜபாளையத்தில் அப்பாவுக்கு ஒரு பட்டறை இருந்தது. பஞ்சு மில்களுக்குப் பல்சக்கரம் வெட்டித் தருவார். கூரையடியில் ஒரு மோட்டார் சுற்றிய ஒரே நீள ஷாஃப்ட். அதிலிருந்து இறங்கும் தோல் பெல்ட்டுகளில்தான் லேத், டிரில்லிங், மில்லிங் மூன்றும் ஓடின. லேத்தில் சித்தப்பா அழுத்திக் கடைந்தால் மில்லிங் மெஷினின் பெல்ட் வழுக்கும். வழுக்கினால் கட்டர் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கம் சக்கரத்தின் பல்லில் அலையாக விழும். அப்படி அலை விழுந்த மாதிரிச் சக்கரத்தை ஒரு மில் திருப்பி அனுப்பியது. இன்னொன்று செய்து காட்டலாம், அதுவும் சரியில்லை என்றால் வேலை கோயம்புத்தூருக்குப் போய்விடும் என்று மேனேஜர் மரியாதையாகவே சொல்லியிருந்தார். அந்த ஒரு மில்லை நம்பித்தான் பட்டறை நடந்தது.

மில்லிங் மெஷினுக்குத் தனி மோட்டார் வைப்பது என்று அப்பா முடிவு செய்தார். புல்லிக்கு மரத்தில் தானே அச்சு செதுக்கி, வார்ப்படம் வார்த்து வாங்கி, எங்கள் லேத்திலேயே கடைந்தார். வழுக்காத வி-பெல்ட், மூன்று வேகம், மெஷினுக்குப் பின்னால் இரும்புத் தாங்கியில் மூன்று குதிரைத்திறன் மோட்டார். அப்பா படித்தது எட்டாம் வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் மின்வாரிய அலுவலகத்துக்கான மனுவைத் தை மாதத்தில் எழுதியது ஆறாம் வகுப்புப் படித்த நான். வீட்டில் கையெழுத்து நன்றாக இருந்தது எனக்குத்தான். அதன்பின் அப்பா பஸ் ஏறிப் போய் விசாரித்த போதெல்லாம், நேரில் பார்வையிட ஆள் வர வேண்டும் என்றார்கள். ஆள் வரவில்லை. மில் கொடுத்த கெடு பங்குனியில் வந்தது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு அப்பா மோட்டாருக்கு இணைப்பைக் கொடுத்துவிட்டார்.

முதல் ஓட்டத்தில் கட்டர் தலைகீழாகச் சுற்றியது. பழைய பெல்ட் எட்டுப் போலக் குறுக்கிட்டு ஓடியது என்பதை மறந்து, ஷாஃப்ட் சுற்றிய திசையிலேயே மோட்டாரையும் சுற்ற விட்டிருந்தார். சித்தப்பா சிரித்தார். அப்பா இரண்டு வயரை மாற்றிப் போட்டார். அதன்பின் கட்டர் இரும்பில் இறங்கிய சத்தத்தை எப்படிச் சொல்வது? தயக்கமே இல்லாத சத்தம்.

கெடுவுக்கு முந்தின நாள் மதியம், சக்கரம் பாதி வெட்டியிருந்தபோது, மின்வாரியக் கோப்போடு ஆபீசர் ஒருவர் பஸ்ஸை விட்டு இறங்கி வருவதைத் தெருமுனையில் பார்த்து நான் ஓடி வந்தேன். சித்தப்பா மெஷினை நிறுத்தினார். பழைய பெல்ட்டைப் போட்ட மாதிரி தொங்கவிட்டார். எண்ணெய் துடைக்கும் கழிவுப் பஞ்சுச் சாக்குகளை மோட்டார் மேலும் புல்லி மேலும் சரித்து மூடினார். ஆபீசர் உள்ளே வரும்போது பட்டறை பத்து வருடமாக இப்படியே இருப்பது போல் இருந்தது.

வந்தவர் ஒல்லியானவர். பாதி வெட்டிய சக்கரத்தின் பல்லில் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

“இந்த பெல்ட்லயா இம்புட்டு வழுவழுன்னு வெட்டுதீய?”

“கை வாகு சார்,” என்றார் சித்தப்பா.

அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆபீசர் அதைப் பார்க்காமல் நேரே போய்ப் பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

காலையிலிருந்து ஓடிச் சூடேறிய மோட்டார் அது. அவர் காபி குடித்தார், நெளிந்தார், தாங்கிய பக்கத்தை மாற்றினார். எங்கள் கணக்கு வாத்தியாரும் அப்படித்தான் உட்காருவார், அவருக்கு மூலம். இவருக்கும் அதுதான் என்று முடிவு செய்தேன். ஆபீசர் மடியில் தாளை வைத்து எழுதியதைப் பக்கத்தில் நின்று படித்தேன்: ‘நேரில் பார்வையிட்டேன். இயந்திரம் பழைய பெல்ட்டில் இயங்குகிறது. புதிய மோட்டார் இணைக்கப்படவில்லை.’ கீழே கையெழுத்து.

எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டே, அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: “மோட்டார் வந்த பொறவு மொதல்ல எர்த் கம்பி போடுங்க. ரெண்டு எடத்துல. பச்சப்புள்ள ஓடியாடுத எடம்.”

அவர் தெரு திரும்பியதும் நானும் சித்தப்பாவும் குதித்தோம். “ஆபீசர மோட்டார் மேலயே உக்கார வச்சுட்டோம்ணே,” என்றார் சித்தப்பா. அப்பா சிரிக்கவில்லை.

“ஏலே, செத்த நேரம் சும்மா இரு. கடப்பாரைய எடு.”

மறுநாள் காலை கெடு. அப்படியிருந்தும், பாதிச் சக்கரத்தை அப்படியே விட்டுவிட்டு அப்பா கொல்லையில் இரண்டு குழி தோண்டினார். கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கி, மோட்டார் வரை கம்பி இழுத்தார். அதன்பிறகுதான் சுவிட்சைப் போட்டார். ஏமாந்து போன ஒருவரின் பேச்சுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

சக்கரம் காலைச் சங்குக்கு முன்பே மில்லுக்குப் போனது. மேனேஜர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், அலை இல்லை. வேலை எங்களுக்கே வந்தது. அப்பா செய்த அந்த மாற்றத்தைப் பார்க்க வேறு பட்டறைக்காரர்கள் வந்து, புல்லியை அளந்துகொண்டு போனார்கள். பள்ளியிலோ நான் வேறொரு பெருமையைப் பரப்பினேன்: எங்கள் அப்பா சர்க்காரையே ஏய்த்தவர். ‘நேரில் பார்வையிட்டேன்’ என்ற சொல்லின் கீழ் ஒருவர் கையெழுத்தோடு சேர்த்துத் தன் வேலையையும் வைக்கிறார் என்பது எனக்குத் தெரிய, நானே அப்படி எழுதும் நாற்காலிக்கு வர வேண்டியிருந்தது.

தையில் நான் எழுதிய மனுவுக்கு, புதிய மோட்டாரை இனி இணைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி அளித்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பதில் வந்தது. அப்பா அதை ஓடிக்கொண்டிருந்த மெஷின் பக்கத்தில் நின்று, என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். அன்று ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள்.