இருபது வெள்ளிக்குக் கழற்றிய தெர்மோஸ்டாட்

கார் ரிப்பேர் தொழிலில் போல்ட்டைக் கழற்றும்போது எனக்கு வியர்ப்பதில்லை. பில்லை எடுத்து நீட்டும்போதுதான் வியர்க்கும். அதை வாங்கிப் பார்க்கிற உங்களுக்கும் வியர்க்கும் என்று தெரியும். ரெம்பாவ் போகிற சாலையில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிப் பட்டறை வைத்து நான் பட்டதை, கார் வைத்துக்கொண்டு படுகிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

எல்லாம் ஒரு தெர்மோஸ்டாட்டால் வந்தது. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கதவு அது. எஞ்சின் சூடாகும்வரை மூடியிருக்கும். சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அது இத்தனை பேரை ஆட்டிவைக்கும் என்று யார் கண்டது?

பனி பெய்யாத ஊர்

என் முதல் வேலை சுங்கை காடுட்டில், ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையில். கார் சூடாகி ஆவி கக்கிக்கொண்டு வந்தால் தவுக்கே முதலில் தேடுவது தெர்மோஸ்டாட்டைத்தான். சிக்கிக்கொண்டு திறக்காமல் இருந்தால் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போடுவார். புதிதாக எதுவும் போடமாட்டார். வெறும் மூடியை மாட்டிக் காரை அனுப்பிவிடுவார்.

கதவே இல்லாத வீட்டில் கதவு எப்படிச் சிக்கும்? கார் அதற்குப் பிறகு சூடாகாது, வாடிக்கையாளருக்கும் செலவில்லை. இந்த வட்டாரத்துப் பட்டறைகளில் பாதிப் பேர் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், ஏன் புதிது போடுவதில்லை என்று கேட்டேன். அவர் தமிழும் மலாயும் கலந்து ஒரே போடாகப் போட்டார்: "இங்க பனி பெய்யுதா? எப்பவும் சூடுதான்லா. இது வேணாம், புவாங்!"

புவாங் என்றால் தூக்கி எறி. நானும் இருபது வருடம் எறிந்தேன்.

லெட்சுமி அக்காவின் வாழ்த்து

லெட்சுமி அக்கா பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறார். சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை. தன் பழைய காரில் அதே தோட்டத்துப் பெண்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போவார். பெட்ரோல் எண்ணெய்ச் செலவை நாலாகப் பிரித்துக்கொள்வார்கள், ஆளுக்கு வாரம் பத்து வெள்ளி. தாமதமாகப் போனால் நாலு பேருக்கும் சம்பளத்தோடு வரும் வருகைப்படி போய்விடும்.

போன வருடம் ஒரு காலையில் கார் ஆவி விட, என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார். ரேடியேட்டரின் மேல் ரப்பர் ஓஸைத் தொட்டேன், கொதித்தது. கீழ் ஓஸைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. கதவு சிக்கியிருக்கிறது. நாலு பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நின்றார்கள். சூடு தணிந்ததும் கழற்றினேன், எறிந்தேன், தண்ணீர் ஊற்றினேன். இருபது வெள்ளிதான் வாங்கினேன், பில் எதுவும் எழுதவில்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோயில் திருவிழாவில் என் புகழைப் பாடியிருக்கிறார் போல. அடுத்த மாதமே அந்தத் தோட்டத்திலிருந்து இதே சூட்டுக் கோளாறோடு ஐந்து கார்கள் வந்தன. ஐந்திலும் எறிந்தேன். அன்று காரை எடுக்கும்போது அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இந்த மனசு யாருக்கு வரும் தம்பி? உங்க கை நல்லா இருக்கணும்."

கெட்டிலும் கேள்வியும்

சில மாதம் கழித்துக் கனகரத்தினம் ஐயா வந்தார். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதே கோளாறு. இருபது வெள்ளியில் கழற்றிவிடுகிறேன் என்றேன். "புதுசுதான் போட வேணும், பழையது கெட்டுப்போனதையும் எனக்குக் காட்ட வேணும்" என்றார். பட்டறை மூலையில் தேநீர் போடும் கெட்டிலில் பழையதையும் புதியதையும் போட்டுக் கொதிக்கவிட்டேன். புதியது மெல்ல வாயைத் திறந்தது. பழையது இறுக மூடியபடி கிடந்தது. மனிதர் குனிந்து பார்த்துத் திருப்தியானார்.

பில் நூற்று எண்பத்தைந்து வெள்ளி என்றதும் அந்தத் திருப்தி போய்விட்டது. சாமான் முப்பத்தைந்து வெள்ளிதானே, மீதி எங்கே என்றார். விரல் விட்டுச் சொன்னேன். சாமான் முப்பத்தைந்து, கேஸ்கெட் ஐந்து. கழற்றும்போதே உடைந்துபோன பிளாஸ்டிக் மூடி நாற்பது. ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்ட் ஐம்பது. எஞ்சின் ஆறக் காத்திருந்து, மாட்டி, உள்ளே அடைத்த காற்றை வெளியேற்றிய இரண்டு மணி நேரக் கூலி ஐம்பத்தைந்து. அவர் பணத்தை எண்ணி வைத்தார், எல்லாவற்றையும் பில்லில் வரி வரியாக எழுத வைத்தார். காரில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கிக் கேட்டார்: "அது சரி தம்பி, வேண்டாத சாமானை வைக்கிறதுக்குக் கார் செய்தவனுக்கு என்ன பைத்தியமா?"

முள் எழும்பாத கார்

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. விசாரித்தேன், படித்தேன். கதவு இல்லாத எஞ்சின் சரியாகச் சூடாவதே இல்லையாம். குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், உள்ளேயும் சீக்கிரம் தேயும். தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் தோட்டத்துக் கார்க்காரர்களுக்கு நான் ஒரு போன்கூடப் போடவில்லை. வெட்கம்தான், வேறென்ன?

இந்த வருடம் லெட்சுமி அக்கா தனியாக வந்தார், கூட வரும் மூவரும் இல்லாமல். கார் எண்ணெய் குடிக்கிறது, ஆளுக்குப் பத்து வாங்கியவர் இப்போது பன்னிரண்டு கேட்கவேண்டியிருக்கிறது. அந்த இரண்டு வெள்ளியை அக்கா மடியில் முடிந்துகொள்கிறார் என்று தோட்டத்தில் பேச்சாகிவிட்டது. "ஒருத்தி தொழிற்சாலை பஸ்ஸுக்குப் போயிட்டா தம்பி. மத்த ரெண்டு பேரும் கார்ல என்கூட பேசுறதில்ல. ஒரே தோட்டத்துல பொறந்து வளர்ந்தவங்க, என்னையத் திருடின்னு நினைக்கிறாங்க" என்றார். சூடு காட்டும் மீட்டர் முள் அடியிலேயே படுத்திருந்தது. அதைப் பார்த்துக் கார் நல்லபடியாகக் குளிர்ந்திருக்கிறது என்று இத்தனை நாளும் சந்தோஷப்பட்டிருக்கிறார், பாவம்.

"நடுவுல சிரம்பான்ல ஒரு கடையில எஞ்சின் ஆயில் மாத்துனேன். அவன் ஏதாச்சும் பண்ணிட்டானா தம்பி?" என்று அவரே எனக்கு ஒரு வழி காட்டினார். நாக்கு நுனிவரை 'ஆமாம்' வந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும், என் பெயர் தப்பிவிடும். அவர் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை. "இல்லக்கா. நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் வேலை பார்த்தேன். புதிய தெர்மோஸ்டாட் உட்கார்ந்தது, முள் மெல்ல எழும்பி நடுவில் நின்றது. காசு வேண்டாம் என்றேன். அக்கா பையிலிருந்து நோட்டுகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஓசியில் செய்தால் அதையும் சந்தேகப்படுவார்கள், முறையாக ஒரு பில் வேண்டும் என்றார். கனகரத்தினம் ஐயா பழக்கிவிட்டபடி வரி வரியாக எழுதினேன். கூலி என்ற இடத்தில் சைபர் போட்டேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, முதல் வரியாக இன்னொன்றும் எழுதச் சொன்னார். எழுதினேன்: 'போன வருடம் நான் தவறாகக் கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியது போட்டது. அதனால்தான் இத்தனை நாள் எண்ணெய் அதிகம் குடித்தது.' அவசரமாக எழுதி முடித்ததில் எழுத்து கோணலாகிவிட்டது. அக்கா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார்: "இன்னொரு தடவ தெளிவா எழுதுங்க தம்பி, மூணு பேரும் படிக்கணும்."

மற்ற ஐந்து பேருக்கும் அன்றைக்கே போன் போட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்த வேலைகளிலேயே விலை கூடியது அந்த இருபது வெள்ளி வேலைதான்.