அம்மா உட்காரப்போகும் பின் சீட்

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் ஸ்பிரிங்கார் என்று பெயர். சோபா, நாற்காலி, மெத்தை என்று மனிதர்கள் உட்காருகிற, சாய்கிற எல்லாவற்றின் வயிற்றிலும் கைவிட்டுப் பிழைப்பவர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு குதி குதித்துப் பார்ப்பார். அக்காவைப் பெண் கேட்டு வந்த அன்றும் அப்படித்தான் குதித்துவிட்டு, எங்கள் அம்மாவைப் பார்த்து, "உங்க சோபாவுக்கு இடது பக்கம் உயிர் போயிடுச்சும்மா" என்றார். அது அம்மா உட்காரும் பக்கம். அன்றிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அப்பா போன பிறகு அம்மா அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். சோபாவும் கூடவே போனது.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வந்ததும் கட்டிலில் படுத்தபடியே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"மாப்பிள்ளை கார்ல ஏறினா டாக்டர் வச்ச ஸ்க்ரூ எல்லாம் கழண்டு கையில வந்துடும். நான் சின்னவ வீட்டுக்கே போறேன்."

சின்னவள் நான்தான். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. மறைப்பானேன், அம்மா என்னோடு வந்து இருக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. தனி அறை, பெரிய ஜன்னல், குரலை உயர்த்தவே தெரியாத கணவர் என்று எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு முகம் சுண்டிப்போனது. "பின்னாடி ஷாக் அப்சார்பரையும் ஸ்பிரிங்கையும் புதுசா மாத்திட்டா வருவீங்களா அத்தை?"

"ஏறிப் பார்க்கிறேன். வழியில குலுங்கிச்சுன்னா, நாலு ரோடு முக்குல இடது பக்கம் திருப்பிடணும்."

இடது பக்கம் திரும்பினால் என் வீடு. நேரே போனால் அவர்கள் வீடு.

மெக்கானிக்கிடம் விடச் சொன்னாள் அக்கா. "ஸ்பிரிங் வேலைக்கு நானே ஆள் கூப்பிட்டா தெரு சிரிக்கும்டி" என்று மனிதர் வீட்டு வாசலிலேயே வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். உதவிக்கு என்று வெளியில் சொல்லிக்கொண்டேன்.

வண்டியை இரும்பு ஸ்டாண்டுகள்மேல் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, டிக்கிக்குள் தலையைவிட்டு மேல் நட்டுகளை எடுத்தார். அது வரைக்கும் மகராசன்தான். அடி போல்ட் துருவேறி அசைய மறுத்தது. எண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், கெஞ்சினார், கடைசியில் என் அம்மாவின் குரலிலேயே அதைத் திட்டினார். அப்போதுதான் அசைந்தது. வெளியே வந்த ஷாக்கில் எண்ணெய் கசிந்து வழிந்திருந்தது. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்தே கிடந்தது. இத்தனை நாள் அம்மா கத்தியதெல்லாம் நியாயம் என்று தெரிந்ததும் மனிதர் உடைந்த துண்டை அக்கா கண்ணில் படாமல் கோணிக்கு அடியில் தள்ளினார்.

அப்புறம்தான் கூத்து. புது ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துத்தான் ஷாக்கின் மேல் மாட்ட வேண்டும். சோபா ஸ்பிரிங்கை அவர் முழங்காலால் அமுக்கி சணல் கயிற்றால் கட்டிவிடுவார். இதற்கும் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து, ஸ்பிரிங்கின்மேல் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் இரண்டு குதி குதித்தார். அது அசையவே இல்லை.

"நீயும் வந்து மேல உட்காரு" என்றார் என்னிடம்.

உள்ளேயிருந்து வந்த அக்கா எள்ளும் கொள்ளும் வெடிக்கும் முகத்தோடு கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டினாள். "அது தெறிச்சா தலை இருக்காது! ஏற்கெனவே ஒருத்தி ஆஸ்பத்திரியில கிடக்கிறது போதாதா?"

டயர் கடைக்காரரிடம் ஸ்பிரிங் அமுக்கும் கருவியை அவளே போய் வாங்கி வந்தாள். இரண்டு பக்கமும் மாறி மாறி, ஒரே அளவாக முடுக்கி அமுக்கி, பெட்டிப்பாம்பாக வேலையை முடித்தார் அத்தான்.

சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கியதும், "அடி போல்ட்டை எடை ஏறின பிறகுதான் முழுசா முடுக்கணும். பின்னாடி ஏறி உட்காரு. அத்தை எடைக்கு நீதான் சரியா இருப்பே" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"இடுப்பு எலும்பைச் சொன்னேன்" என்று உளறிவிட்டு வண்டிக்கு அடியில் ஒளிந்துகொண்டார். அம்மாவை என்னிடமிருந்து தட்டிப் பறிக்கிற வண்டிக்கு நானே பாரமாக உட்கார்ந்து கொடுத்தேன். என்னைவிட ஏமாளி உண்டா?

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அம்மாவும் நானும் பின்னால், அக்கா முன்னால். வாசலில் வேகத்தடை. வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. முனகல்கூட இல்லை. அதோடு விட்டாரா? பெருமை பிடிபடாமல், குழாய் பதிக்கத் தோண்டிய தெருவுக்குள் வேண்டுமென்றே வண்டியை விட்டார். அக்கா அவர் தோளில் ஒன்று வைத்தாள். அங்கேயும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கையைப் பிசைந்துகொண்டிருந்தவள் நான்.

நாலு ரோடு முக்கு வந்தது. சிவப்பு விளக்கு.

"எந்தப் பக்கம் அத்தை?" அத்தான் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தார்.

அம்மாவின் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. குறட்டை.

"தூங்கிட்டாங்க, எழுப்பாதீங்க" என்றாள் அக்கா.

வண்டியில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. குனிந்து பார்த்தேன். ஒரு கண் திறந்தது. விளக்கைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அவசரமாக மூடிக்கொண்டது. குறட்டை இன்னும் பலமானது. போர்வைக்குள்ளிருந்து வந்த கை என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

எனக்குக் கோபம் வந்தது. அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. பச்சை விழுந்ததும் பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

"நேராவே போங்க அத்தான்" என்றேன்.

வீட்டு வாசலில் வண்டி நின்ற நொடியே அம்மாவுக்கு விழிப்பு வந்துவிட்டது. "வண்டியா ஓட்டுறீங்க மாப்பிள்ளை? பள்ளத்தைத் தேடித் தேடி விடுறீங்களே, கண்ணு எங்க இருந்துச்சு?"

வண்டியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் கேட்கிற கேள்வி! அத்தான் காது வரைக்கும் சிரித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட ஓடினார். அம்மா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதடி. உன் வீட்டுல நான் யாரைத் திட்டுவேன்?"