இருவாச்சிக்கு ஒரு குலவை

போன வாரம் ஒரு படம் எடுத்தேன். படத்தில் ஒரு மரம் இருக்கிறது. மரத்தில் ஒன்றுமில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான்... மெதுவாகத்தான் வருவேன்.

எழுமலையில் என் வீட்டில் நான் ஒருத்திதான். மகள் கலாவுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவள் வாங்கிக் கொடுத்த போனில் தினமும் ஒரு படம் எடுத்து அனுப்புவேன். பூத்த செவ்வந்தி, வாசல் கோலம், புதுப் பானை. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். பேச்சு வராது.

கூப்பிட்டுப் பேசு என்று கேட்கலாமே என்கிறீர்களா? கேட்டு வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

எங்கள் மகளிர் குழு மேகமலைப் பக்கம் மழைக்காடு பார்க்க வேன் பிடித்தபோது எனக்குள் ஒரு ஆசை. ஒரு காட்டு உயிரைப் படம் பிடித்து அனுப்பினால், பிள்ளை அசந்துபோய்ப் போன் போடாதா?

எங்கள் ஊரில் வெயில் தலைமேல் ஏறி உட்காரும். அங்கே இலையிடம் வழி கேட்டுக் கேட்டுத்தான் கீழே இறங்குகிறது. அட்டைக்கு உப்பைத் தடவிக்கொண்டு நடந்தோம். வழிகாட்ட வந்த முருகேசன், பேசக்கூடாது, செருமக்கூடாது என்று சொல்லியே கூட்டிப்போனார்.

ஒரு காட்டத்தி மரத்தடியில் நின்று மேலே ஒரு பறவையைக் கைகாட்டினார். இருவாச்சி. மஞ்சள் மூக்கு. அதன்மேல் கிரீடம் வைத்த மாதிரி ஒரு கொண்டை. பழத்தை மேலே எறிந்து வாயில் பிடித்தது. போனைத் தூக்கினேன். விரல் பொத்தானுக்குப் போயிருக்க வேண்டும்... கை வாய்க்குப் போய்விட்டது.

குலவை போட்டுவிட்டேன்.

முளைப்பாரி தூக்கினாலும், முதல் நாற்றை ஊன்றினாலும் எங்களுக்குக் குலவைதான். மேலான ஒன்று எதிரே வந்தால் சும்மா நிற்கத் தெரியாது. ஒருத்தி எடுத்தால் மற்றவர்கள் வாங்கிக்கொள்வதும் முறை. வேனில் வந்த அத்தனை பேரும் வாங்கிக்கொண்டார்கள்.

இருவாச்சி எழும்பியது. இறக்கைச் சத்தம் பழைய ரயில் என்ஜின் மாதிரி... அதுவும் தேய்ந்து போன பிறகுதான் என் விரல் பொத்தானை அமுக்கியது.

முருகேசன் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஆத்தா, அம்புட்டுத் தூரம் பொத்திப் பொத்திக் கூட்டியாந்தேன். இது காடா, உங்க ஊரு காளியம்மன் கோயிலா?”

“மதினி எடுத்துட்டா நாங்க வாயப் பொத்திக்கிட்டு நிக்க முடியுமாண்ணே?” என்றாள் என் நாத்தனார் பேச்சி.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பும்போது வேனில் ஒரே சிரிப்பு. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனிலிருந்த வெறும் மரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து அதையே அனுப்பினேன். அனுப்ப வேறு என்ன இருக்கிறது?

போன் அடித்தது.

“ஏம்மா, பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டேன், ஒண்ணையும் காணோமே. என்னத்த எடுத்த?”

“மேல இருக்க கொப்பப் பாரு. அதுலதான் இருந்துச்சு.”

“இருந்துச்சா? அப்ப எங்க போச்சு?”

அது பெரிய கதை, உனக்கு நேரம் இருக்குமா என்றேன். இருக்கு, சொல்லும்மா என்றாள். குலவை வந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பு, போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் இருந்தது.

மறுநாள் செவ்வந்தி அனுப்பினேன். நல்ல பூ. கட்டைவிரல்தான் வந்தது.

இனிமேல் பூவைப் பறித்துவிட்டுத்தான் படம் எடுப்பேன் — செடியை மட்டும்.