மில்லுக்காரர் நாற்காலி ரயிலேறிய நாள்

எங்கள் தெருவுக்கு மொத்தம் இரண்டே நாற்காலிகள். இரண்டும் நெல் மில்லுக்காரர் வீட்டுச் சொத்து. ஆனால் அவை அவர் வீட்டில் இருந்ததைவிட அடுத்தவர் வீட்டில் இருந்ததுதான் அதிகம். பெண் பார்க்க வருகிறார்களா, சம்பந்தி வருகிறார்களா, தூக்கு நாற்காலியை! கூடவே அவருடைய டிரான்சிஸ்டர் ரேடியோவும், எதிர் வீட்டுப் பெரியம்மாவின் வெள்ளி டம்ளரும் கிளம்பிவிடும். வந்தவர்கள் போனதும் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் அந்த நாற்காலிகளில் உட்காராத மாப்பிள்ளை அந்தக் காலத்தில் கிடையாது. இதை யாரும் ஏமாற்று வேலையாக நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குச் செய்கிற மரியாதை, அவ்வளவுதான்.

அந்த மரியாதைதான் என் அக்காவின் படிப்புக்கு உலை வைக்கப் பார்த்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு எட்டு வயது இருக்கும். அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாகத் தேறியிருந்தாள். நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, இருந்ததோ ஏரி நிரம்பினால் மட்டும் விளைகிற துண்டு நிலம். அக்காவை மேலே படிக்க வைப்பதைப் பற்றி வீட்டில் பேச ஆரம்பித்ததே மாமாதான். அம்மாவின் தம்பி. திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலை. தினமும் ரயிலில் பட்டணம் பக்கம் போய் வருகிறவர் என்பதால் உலகம் தெரிந்தவர் என்று எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர்.

"திருவள்ளூர்ல டீச்சர் டிரெய்னிங் சீட்டு வந்துகீது. ஆஸ்டல்ல சோறு போட்டு, மாசாமாசம் கைல டப்பும் குடுக்கறான். ரெண்டு வருசத்துல வாத்தியாரம்மா. இதவுட இன்னா வோணும்?" என்றார் மாமா.

அக்காவுக்கு வேண்டியது வேறு. சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பி.யூ.சி. முடித்து, கணக்கு எடுத்து பி.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்குச் சம்பளம், ஆஸ்டல், புத்தகம் எல்லாம் யார் கொடுப்பது? லோன் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று உண்டு, படித்து வேலைக்குப் போய் அடைக்கலாம் என்றார்கள். நைனா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "கடனோட ஒரு பொண்ண எவன்டா கட்டிகினு போவான்?" மிச்சம் இருந்தது சர்க்கார் ஸ்காலர்ஷிப். நல்ல மார்க் வாங்கிய ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, திருப்பித் தர வேண்டாம். ஆனால் ஏழை என்று பொன்னேரி தாலுக்கா ஆபீஸ் எழுதித் தர வேண்டும். அதற்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து பார்ப்பார். ஆர்.ஐ. என்றாலே எங்கள் ஊரில் நாய்கூடக் குரைக்காது.

அவர் வருகிறார் என்று தகவல் வந்ததும் மாமா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். "யக்கா, ஊடு எப்படி கீதோ அப்படியே வை. ஒண்ணும் பண்ணாத. கும்பிடு போட்டுட்டு சும்மா நில்லு."

அம்மாவால் சும்மா நிற்க முடியுமா? அவ்வளவு பெரிய மனுஷர் வாசல் மிதிக்கிறார். மாமா தலை மறைந்ததும் நாற்காலிகள் வந்தன. ரேடியோ வந்தது. வெள்ளி டம்ளர் வந்தது. பெரியம்மாவின் சின்னாளப்பட்டிப் புடவையும் வந்தது, அதைக் கட்டிக்கொண்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். முட்டையிட்டுக்கொண்டிருந்த எங்கள் ஒரே கோழி குழம்பாகிவிட்டது. அக்கா "வோணாம்மா, வோணாம்மா" என்று பின்னாலேயே நடந்தாள். "போடி, வந்தவங்கள ஓலப்பாயிலயா குந்த வைப்பாங்க?" என்று ஒரே போடாகப் போட்டாள் அம்மா. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். ரேடியோவைத் திருகுகிற வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

ஆர்.ஐ. நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டுக் கேட்டு, ரசித்துச் சாப்பிட்டார். கை கழுவியதும் வீட்டை ஒரு சுற்று பார்த்தார்.

"ஊடு ஜோரா கீதேப்பா. நல்லா சாப்புடறீங்க, நல்லா கட்டறீங்க. உனக்கு எதுக்கு சர்டிபிகேட்டு? இல்லாதப்பட்டவனுக்கு உட்டுக்குடு."

நைனா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சாப்பிட்டு எழுந்தவரிடம் இதெல்லாம் இரவல் என்று எப்படிச் சொல்வது? அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆர்.ஐ. சைக்கிளில் ஏறிப் போயே போய்விட்டார்.

அன்று அக்கா விக்கி விக்கி அழுதாள். "உன் கவுரவத்துக்கு என்னத் தொலைச்சிட்டியேம்மா" என்றாள். அம்மா புடவையை அவிழ்த்து மடித்து எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

மாமா வந்ததும் குதித்தார். பிறகு அவரே, "சரி உடு. திங்கக்கெழம டிரெய்னிங்ல சேரணும். கௌம்பற வழியப் பாரு" என்றார்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "டிரெய்னிங்குக்கு அடுத்த வருசம்கூட எழுதிப் போடலாம் மாமா. காலேஜ இந்த வருசம் உட்டா அவ்ளோதான், என்ன எவனுக்காவது கட்டிக்குடுத்துடுவீங்க. திங்கக்கெழம நான் பொன்னேரி போறேன்."

"ரெண்டும் பூட்டா?"

"ரெண்டும் போனா களை எடுக்கப் போறேன். உனக்கு இன்னா?"

உலகம் தெரிந்த மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மறுநாளே அக்கா மில்லுக்காரரிடம் போனாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். உதவி செய்யுங்கள் என்று அவள் கேட்கவே இல்லை. "ஐயா, உங்க நாற்காலி, ரேடியோ எல்லாத்தையும் எங்க சொத்துன்னு நெனச்சிகினு பூட்டாரு அந்த ஆர்.ஐ.," என்றாள் பரிதாபமாக.

மில்லுக்காரருக்கு மீசை துடித்தது. "இன்னாது? என் நாற்காலி உங்கொப்பன் சொத்தா? எவன் சொன்னான்?"

பெரியம்மாவிடமும் இதே சேதிதான். அவள் உடனே போய் வெள்ளி டம்ளரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பிறகு, சாட்சிக்கு வேண்டுமே என்று திரும்ப எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் நாங்கள் ஏறியதைத் திருவிழாக் கூட்டம் என்றே நான் நினைத்தேன். மில்லுக்காரர் தன் நாற்காலியைத் தானே தூக்கி வந்திருந்தார். ரயிலிலும் அதைப் போட்டு அதில்தான் உட்கார்ந்துகொண்டார். நைனா, அக்கா, பெரியம்மா, நான். கடைசியாக அம்மா. யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளாகவே வந்து ஏறினாள்.

ஏறியதும்தான் கவனித்தேன். அம்மாவின் நீலப் புடவையில் பெரிய கிழிசல் ஒன்று உண்டு. அதில் அக்காவின் பழைய பச்சைப் பாவாடைத் துணியை ஒட்டுப் போட்டிருந்தாள். கடைக்குப் போனாலும் அந்த ஒட்டு கொசுவத்துக்குள் மறைகிற மாதிரி மடித்துக் கட்டாமல் படி இறங்க மாட்டாள். அன்று பார்த்து அது முன்னால் பளிச்சென்று தெரிந்தது. மறந்துவிட்டாள் போல என்று நான் மெதுவாக இழுத்து உள்ளே செருகினேன். அம்மா வெளியே எடுத்துவிட்டாள். மறுபடி செருகினேன். கையிலேயே ஒன்று வைத்தாள்.

தாலுக்கா ஆபீஸ் தாழ்வாரத்தில் ஆர்.ஐ.யின் மேசைக்கு எதிரே நாற்காலியைத் தொப்பென்று போட்டார் மில்லுக்காரர். "இது யாருது? சொல்லு சார்!"

ஆபீஸே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது. ரேடியோவும் தன்னுடையதுதான் என்று அவர் முழங்கி முடித்ததும் பெரியம்மா டம்ளரை அவிழ்த்துக் காட்டினாள். அதோடு விட்டாளா? "அன்னிக்கு இவ கட்டிகினு இருந்தாளே பொடவ, அதுவும் என்துதான் சார்!" என்றாள்.

அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. ஓடிப்போய் அம்மாவின் முன்னால் நின்று, அந்தப் பச்சை ஒட்டை முதுகால் மறைத்துக்கொண்டேன்.

"அப்போ அன்னிக்கு அந்த ஊட்ல உங்களுது இன்னாதாம்மா இருந்துச்சி?" என்று கேட்டார் ஆர்.ஐ.

அம்மா என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். "கோழி மட்டும்தான் சார் எங்களுது. அதத்தான் நீங்க சாப்ட்டீங்க."

தாழ்வாரம் குலுங்கியது. ஆர்.ஐ.யும் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, அம்மாவை மேலும் கீழுமாக ஒரு முறை பார்த்தார். நாற்காலியைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்துத் தம் சிபாரிசை எழுதினார். சாயங்காலத்துக்குள் தாசில்தார் கையெழுத்தும் ஆகிவிட்டது. அந்த வாரமே அக்கா கல்லூரியில் சேர்ந்தாள். பின்னாளில் கணக்குப் பேராசிரியையாகத்தான் ஓய்வு பெற்றாள்.

திரும்பும் ரயிலில் எல்லோரும் மில்லுக்காரரின் பராக்கிரமத்தையே பேசிக்கொண்டு வந்தார்கள். அம்மா மட்டும் எழுந்து, கதவோரம் எங்களுக்கு முதுகு காட்டி நின்று, கொசுவத்தை அவிழ்த்து மறுபடி கட்டினாள். திரும்பியபோது பச்சை ஒட்டைக் காணோம்.

"இப்பவாச்சும் ஞாபகம் வந்துச்சே!" என்றேன்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம். எல்லோரும் பார்க்கிறார்களே என்று நான் அத்தனை தரம் செருகியிருக்கிறேன், முதுகைக் கொடுத்து மறைத்திருக்கிறேன், எனக்கு ஒரு நல்ல வார்த்தை உண்டா? ஊர் வந்து சேருகிறவரை நான் அவளோடு பேசவே இல்லை.