தெரசம்மாள் ஏறிய மரங்கள்

காலை பதினொன்று பத்துக்கு சேலத்தில் என் அலுவலகத்துக்கு போன் வந்தது. பேசியவர் ஏற்காட்டு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸ். "உங்க அக்கா தவறிட்டாங்க. மிளகுக் காட்டுல இருந்தாங்க" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, "ஏணியிலிருந்து விழுந்தாளா?" அடிவாரத்தில் பஸ் ஏறிய உறவுக்காரர்களும் அதையேதான் கேட்டார்கள். எட்டு வருடமாக அவர்கள் ஆசையோடு காத்திருந்த செய்தி அது.

அவள் விழவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்கும்போது நெஞ்சு நின்றுவிட்டது. அதைக் கேட்டுச் சில முகங்களில் ஏமாற்றம் தெரிந்தது.

என் அக்கா தெரசம்மாள், மாதா படத்துக்கு மாலை போடக்கூட என்னைத்தான் ஸ்டூலில் ஏறச் சொல்வாள். 1983இல் அவள் கணவர் பெரியநாயகம் காசநோயில் இறந்தார். ஏணியில் ஏறி மிளகு பறிப்பது அவர் வேலை. எஸ்டேட்டின் வரிசை வீடுகளில் ஒன்றான அவர்கள் லயன் வீடு அந்த வேலைக்காகக் கொடுத்தது. ஆள் போனால் வீடும் போகும். ஏணி ஆண்களுக்கு, உதிர்ந்ததைக் குனிந்து பொறுக்குவது பெண்களுக்கு. பெண் ஏறினால் கொடி காய்ந்துவிடுமாம். அந்தக் கொடிகளுக்கு எரு சுமந்து கொட்டியதெல்லாம் பெண்கள்தான். அப்போது காயாது. அவ்வளவு விவரமான கொடி.

நான் போய்க் கூப்பிட்டேன். "என்கூட வந்துரு அக்கா, ராணி மாதிரி இருக்கலாம்."

எங்களுக்கு அப்போது கைக்குழந்தை. மனைவி சாந்தாமேரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சம்பளமில்லாத ஆள் தேவைப்பட்டது. அதற்குப் பாசம் என்று பெயர் வைத்தேன். அதற்குத்தான் பி.காம். படித்திருந்தேன்.

"உங்கூட்டுல எனக்கு எந்த மூலை கண்ணு?" என்றாள். நான் யோசித்தேன். யோசித்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் கணவரின் காக்கி அரைக்கால் சட்டையைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு, ஒற்றை மூங்கில் ஏணியை மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாய்த்தாள். கணுவில் கால் வைத்து ஏறும் ஏணி. ஆறாவது கணுவில் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். கீழே ஆண்கள் கூட்டம்.

"ஏனுங்க தெரசம்மா, பரலோகத்துக்குங்களா? பெரியநாயகத்தைக் கேட்டதாச் சொல்லுங்க."

"சொல்றனுங்க. மொதல்ல மூங்கிலைப் புடிங்க."

யாரும் பிடிக்கவில்லை. இறங்கத் தெரியாததால் மேலேயே ஏறினாள்.

அவள் ஏறத் தொடங்கி இரண்டு வருடம் கழித்து இருபது கொடிகள் காய்ந்தன. உடனே எல்லோருக்கும் காரணம் தெரிந்துவிட்டது.

"உங்களாலதானுங்க கொடி போச்சு. ஊட்டைக் காலி பண்ணுங்க" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"காஞ்சது எதுன்னு வந்து பாருங்க ரைட்டரே. நான் ஏறுனது எதுன்னும் பாருங்க."

காய்ந்ததில் ஒன்றுகூட அவள் ஏறியதில்லை. காப்பிக் கன்றுக்குக் குழி வெட்டிய ஆண்கள் அவற்றின் வேரை அறுத்திருந்தார்கள். அவள் ஏறிய வரிசை பச்சையாக நின்றது. ரைட்டர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். வீடு தங்கியது. ஆனால் பெண் ஏறினால் கொடி காயும் என்ற நம்பிக்கையை அந்த ஆண்கள் விடவில்லை. "அவ ஆம்பளைதானுங்க" என்று சொல்லி, அவளைப் பெண்களிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மேலே அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை கேலியாகக் கேட்டேன்.

"குனிஞ்சே பாதி ஆயுசு போச்சு சாமி. பயந்தாங்கொள்ளின்னு நீங்கெல்லாம் சொன்னீங்க, நானும் நம்பிட்டேன். மேல போனாத்தான் அது பொய்யின்னு தெரிஞ்சுது. எனக்கு அந்த எடம் நொம்பப் புடிக்குது."

நான் சிரித்தேன்.

கல்லறையில் ஸ்தனிஸ்லாஸ் பேசினார். "எங்க எஸ்டேட்டுக்கே பெருமை" என்றார். ஏணியைப் பிடிக்காதவர்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

அடக்கம் முடிந்ததும் மிளகுக் காட்டுக்குப் போனேன். ஏணி அவள் சாய்த்தபடியே நின்றது. மூன்றாவது கணுவரை ஏறினேன். அதற்கு மேல் முடியாமல் இறங்கிவிட்டேன். அந்த மரத்தில் கீழ்ப்பாதி பறித்திருந்தாள். மேல்பாதி அப்படியே இருக்கிறது.